அபூர்வ வாத்துக்களும் வைகறைக் கணக்கும்

பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் விசுவநாத சுவாமியின் தேர்த் திருவிழா ஐப்பசி மாத இறுதியில் நடைபெறுகிறது. தேர்கள் அலங்கரிக்கப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே, வட ஆசியாவின் சதுப்பு நிலங்களிலிருந்து புறப்பட்ட வாத்துக்களின் முதற் கூட்டங்கள் கேரளத்தின் நீர்நிலைகளில் வந்து இறங்கிவிடுகின்றன. சைபீரியாவிலும் கஜகஸ்தானத்திலும் கோடையைக் கழித்த இப்பறவைகள், அங்கே நீர் உறையத் தொடங்குமுன் தெற்கு நோக்கிக் கிளம்புகின்றன. நம் நாட்டுக் குளிர்காலத்தை இங்கே கழித்துவிட்டு, வெயில் ஏறும் பங்குனி மாதத்தை ஒட்டித் திரும்பிச் செல்கின்றன.

இவ்விருந்தினரைக் காண்பதற்காக ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் இருள் பிரியுமுன் வீட்டை விட்டுப் புறப்படுவோர் பலர் உளர். அவர்களுள் பெரும்பாலோரின் உள்ளத்தில் இருப்பது ஒரே கேள்வி: "இவ்வாண்டு அபூர்வ வாத்து ஏதேனும் வந்திருக்குமா?" இக்கேள்வி எளிதாகத் தோன்றினும் இதற்கு விடை காண்பது எளிதன்று. அபூர்வம் என்பது யாது? அதை யார், எவ்வாறு தீர்மானிப்பது? வைகறையில் தேட வேண்டுவது ஏன்? இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

நீர் செல்லும் வழி

கல்பாத்திப் படித்துறையில் நின்று ஆற்றை நோக்குவோர்க்கு நீர்க்காகமும் கொக்கும் நாரையும் தென்படும். வாத்துக்கள் கூட்டமாகத் தென்படுவது அரிது. கற்கள் நிறைந்து, நீர் ஓடிக்கொண்டே இருக்கும் ஆறு வாத்துக்களின் உணவுக்கு ஏற்றதன்று. கோரையாறு, வரட்டாறு, வாளையாறு, மலம்புழை ஆகியவை சேர்ந்து கல்பாத்திப்புழை ஆகின்றது. அது பறளி என்னும் இடத்தில் கண்ணாடிப்புழையுடன் கலந்து பாரதப்புழை என்னும் பெயர் பெற்று, மேற்கு நோக்கிச் சென்று பொன்னானியில் கடலை அடைகின்றது.

இந்நீரின் ஒரு பகுதி 1955-ம் ஆண்டில் திறக்கப்பட்ட மலம்புழை அணையில் தேக்கப்படுகிறது. அணையின் நீர்ப்பரப்பு பெரிது. எனினும் அதன் நடுப்பகுதி பெரும்பாலான வாத்துக்களுக்குப் பயன்படுவதில்லை. இங்கு வரும் வாத்துக்களில் மிகுதியானவை நீரில் மூழ்கி இரை தேடுபவை அல்ல. தலையையும் கழுத்தையும் நீருக்குள் செலுத்தி, வாலை மேலே தூக்கிக் கவிழ்ந்து, அடியிலுள்ள விதைகளையும் புழுக்களையும் தின்பவை. ஆழமான நீரின் அடியை அவற்றின் அலகு எட்டுவதில்லை. ஆகவே ஆழமான அணையைவிட ஆழமற்ற ஏரிக்கரையும் நீர் தேங்கிய வயலும் அவற்றிற்கு உகந்தவை. அணையின் கரையோரங்களிலும், பாலக்காட்டு வட்டாரத்து ஏரி குளங்களிலும் சிறு கூட்டங்கள் தங்குகின்றன. பெருங்கூட்டங்களைக் காண வேண்டுமாயின் மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்று, திருச்சூர்க் கோள் நிலங்களை அடைய வேண்டும்.

கோள் நிலங்கள் வடக்கே பாரதப்புழையின் தென்கரையிலிருந்து தெற்கே சாலக்குடி ஆற்றின் வடகரை வரை பரந்துள்ளன. திருச்சூர், மலப்புறம் ஆகிய இரு மாவட்டங்களில் அமைந்த இவற்றின் பரப்பு 13,632 ஹெக்டேர். கடல் மட்டத்திற்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை தாழ்ந்து கிடப்பதால், மழைக்காலத்தில் இவை முற்றிலும் நீருக்குள் மறைந்து ஒரு பெரிய ஏரியைப் போலத் தோன்றும். "கோள்" என்னும் மலையாளச் சொல் மிகுந்த விளைச்சலைக் குறிக்கும். வெள்ளம் கொண்டுவரும் வண்டலினால் நல்ல மகசூல் கிடைப்பது இப்பெயருக்குக் காரணமாகும்.

மழை ஓய்ந்தபின் உழவர்கள் நீரை வெளியேற்றிச் சாகுபடியைத் தொடங்குகின்றனர். நிலம் முழுவதும் வரம்புகளால் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதிக்கும் "படவு" என்று பெயர். "பெட்டியும் பறையும்" என்று வழங்கும் நீரிறைக்கும் பொறியைக் கொண்டு ஒவ்வொரு படவின் நீரும் இறைத்து வெளியேற்றப்படுகிறது. எல்லாப் படவுகளிலும் இவ்வேலை ஒரே நாளில் நடைபெறுவதில்லை. ஆதலால் ஜனவரி மாதத்தில் ஒரு படவில் நெற்பயிர் பச்சைக் கட்டி நிற்கும். அடுத்ததில் சேறு காணப்படும். அதற்கடுத்ததில் இன்னும் முழங்கால் அளவு நீர் நிற்கும். வாத்துக்கள் தமக்கு ஏற்ற ஆழத்தை நாடி ஒரு படவிலிருந்து மற்றொரு படவிற்கு மாறிக்கொண்டே இருக்கின்றன. இந்த ஓர் உண்மையை நினைவிற் கொள்ளாதவர், நேற்று ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் இன்று ஒன்றும் இல்லாததைக் கண்டு, பறவைகள் அழிந்துவிட்டன என்று தவறாக முடிவு செய்யக்கூடும்.

சாதாரணமானவை, அபூர்வமானவை

கோள் நிலங்களில் காணப்படும் வாத்துக்களை மூன்று பிரிவுகளாக வகுக்கலாம்.

முதலாவது பிரிவு, ஆண்டு முழுவதும் இந்நாட்டிலேயே வாழ்பவை. சீழ்க்கைச் சிறகி, குள்ளத்தாரா, புள்ளிமூக்கு வாத்து ஆகிய மூன்றும் இதில் அடங்கும். சீழ்க்கைச் சிறகியை மலையாளத்தில் "சூளன் எரண்ட" என்பர். பறக்கும்போது சீழ்க்கை அடிப்பது போன்ற ஒலி எழுப்புவதே இப்பெயர்களுக்குக் காரணம். "பச்ச எரண்ட" எனப்படும் குள்ளத்தாரா உலகத்தின் மிகச் சிறிய வாத்து வகைகளுள் ஒன்று. இது மரப்பொந்துகளில் முட்டையிடுவது. குஞ்சுகள் பொரித்தவுடன் உயரத்திலிருந்து கீழே குதித்துத் தாயைப் பின்தொடர்ந்து நீரை அடைகின்றன.

இரண்டாவது பிரிவு, குளிர்காலத்தில் தவறாமல் வருபவை. "வரி எரண்ட" என்று வழங்கும் நீலச்சிறகி இவற்றுள் முந்தி வருவது, எண்ணிக்கையிலும் மிகுந்தது. ஊசிவால் வாத்தும், அகன்ற அலகையுடைய தட்டைவாயனும், கிளுவையும் இதனுடன் சேர்ந்து காணப்படும்.

மூன்றாவது பிரிவு, எப்போதோ ஒரு முறை ஒன்றோ இரண்டோ வருபவை. வட இந்தியாவில் மிகுதியாகவும் கேரளத்தில் மிக அரிதாகவும் தென்படும் கருவால் வாத்து, குடுமியுடைய மூழ்கு வாத்து, காவியங்களில் சக்கரவாகம் என்று போற்றப்படும் செந்நிறத் தாரா ஆகியவற்றை இதற்கு உதாரணமாகக் கூறலாம்.

இப்பிரிவினை ஓரிடத்திற்கு மட்டுமே பொருந்தும் என்பதைக் கவனிக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலுள்ள கூந்தங்குளத்திற்கு வரித்தலை வாத்துக்கள் குளிர்காலந்தோறும் வருகின்றன. அங்குள்ள கிராமத்தாருக்கு அவை பழகிய பறவைகள். அதே பறவை கோள் நிலத்தில் இறங்கினால் அது பெரிய செய்தி. ஆகவே அபூர்வம் என்பது பறவையின் உடலில் அமைந்த ஒரு குணம் அன்று; ஓரிடத்தில், ஒரு காலத்தில், எத்தனை முறை தேடியபோது எத்தனை முறை அது கிடைத்தது என்னும் கணக்கிலிருந்து பிறப்பது. கணக்கு இல்லாத இடத்தில் அபூர்வம் என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை.

கேரளத்தில் இக்கணக்கு படிப்படியாக உருவாகியுள்ளது. டாக்டர் சாலிம் அலி 1933-ம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி ஆகிய சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய்ந்தார். பாலக்காட்டு வட்டாரத்தைச் சேர்ந்த காவசேரியில் பிறந்த கே. கே. நீலகண்டன், "இந்துசூடன்" என்னும் புனைபெயரில் 1958-ம் ஆண்டில் வெளியிட்ட "கேரளத்திலெ பட்சிகள்" என்னும் நூல், பறவைகளைப் பார்க்கும் பழக்கத்தைச் சாதாரண மக்களிடையே பரப்பியது. 2015 முதல் 2020 வரை, மாநிலம் முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஆயிரத்திற்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் ஆண்டிற்கு இரு பருவங்களில் பறவைகளைக் கணக்கெடுத்தனர். ஏறத்தாழ மூன்று லட்சம் பதிவுகள் கொண்ட அத்தொகுப்பில் 361 இனங்கள் இடம் பெற்றன. அவற்றுள் 94 இனங்கள் "மிக அபூர்வம்" என்று வகுக்கப்பட்டன. இந்த வகுப்பு எவருடைய அபிப்பிராயமும் அன்று; பதிவுகளை எண்ணிப் பார்த்துக் கண்ட முடிவு.

வைகறை ஏன்?

வாத்துக்களின் அன்றாட வாழ்க்கை பெரும்பாலும் மனிதருடைய வாழ்க்கைக்கு நேர்மாறானது. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, சீழ்க்கைச் சிறகி முதலியவை இரவில் வயல்களிலும் சேற்று நிலங்களிலும் மேய்கின்றன. பகலில் திறந்த நீர்ப்பரப்பில் கூட்டமாகச் சேர்ந்து, தலையை முதுகில் செருகி உறங்குகின்றன. உறங்கும் வாத்தின் அலகும் முகமும் மறைந்திருப்பதால் இனம் காண்பது கடினம். இரவு முடிந்து பகல் தொடங்கும் அந்த அரைமணி அல்லது ஒருமணி நேரத்தில், அவை மேய்ச்சலிலிருந்து திரும்பிச் சிறு சிறு வரிசைகளாகப் பறந்து வருகின்றன. அப்பொழுது சிறகுகள் விரிந்திருக்கும், குரல் கேட்கும், ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியே எண்ணலாம்.

வேறு காரணங்களும் உண்டு. விடியற்காலையில் காற்று அடங்கியிருப்பதால் நீர் அலையின்றி இருக்கும். வெயில் ஏறியபின் சூடான தரைமீது காற்று கானல் போல நெளிந்து, தொலைவிலுள்ள உருவங்களைக் குலைத்துவிடும். காலையில் இத்தொல்லை இல்லை. மேலும் வேலைக்கு வரும் உழவர்களும் படகுகளும் இயங்கத் தொடங்குமுன் பறவைகள் கலையாமல் இருக்கும்.

ஜனவரி நடுவில் இப்பகுதியில் சூரியன் ஏறத்தாழ ஆறே முக்கால் மணிக்கு உதிக்கின்றது. தேடுவோர் ஆறு மணிக்கே வரம்பை அடைந்துவிட வேண்டும். ஞாயிறு முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நீரின் கிழக்குக் கரையில் நிற்பது முறை. மேற்குக் கரையில் நின்று எதிர்வெளிச்சத்தில் பார்ப்பவருக்கு எல்லா வாத்துக்களும் கரிய நிழல்களாகவே தோன்றும். முதலில் பனிமூட்டத்தினூடே ஓசைகள் மட்டும் கேட்கும். அவ்வோசைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் மூட்டம் விலகும்போது கண்ணால் கண்டதுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இறகு தரும் ஏமாற்றம்

பறவைப் புத்தகங்களில் ஆண் வாத்துக்கள் பல வண்ணங்களுடன் வரையப்பட்டிருக்கும். நேரில் காண்பவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். காரணம் இதுதான்: இனப்பெருக்கம் முடிந்தபின் ஆண் வாத்துக்கள் தம் வண்ண இறகுகளை உதிர்த்து, பெண்ணைப் போன்ற மங்கிய பழுப்பு நிறத்தைத் தற்காலிகமாகப் பெறுகின்றன. சிறகின் பெரிய இறகுகளும் அக்காலத்தில் ஒருசேர உதிர்ந்துவிடுவதால் சில வாரங்கள் பறக்கவும் இயலாது. அச்சமயத்தில் மங்கிய நிறம் பகைவர் கண்ணுக்குப் புலப்படாமல் அவற்றைக் காக்கின்றது.

பல இனங்களில் குளிர்காலத் தொடக்கத்திலேயே வண்ணம் திரும்பிவிடும். நீலச்சிறகியோ இவ்விஷயத்தில் மிகவும் தாமதம் செய்வது. புருவம் போன்ற அகன்ற வெள்ளைக் கோடு குளிர்காலத்தின் பிற்பகுதியிலேதான் ஆணின் தலையில் முழுமையாகத் தோன்றும். ஆகவே கார்த்திகை மாதத்தில் ஆயிரம் நீலச்சிறகிகள் அமர்ந்திருக்கும் நீர்ப்பரப்பு, ஆயிரம் பழுப்புப் பறவைகள் கொண்ட நீர்ப்பரப்பாகவே காட்சியளிக்கும். அவற்றின் நடுவே ஒரு கருவால் வாத்து இருக்குமாயின், நிறத்தை மட்டும் நம்புபவர் அதைக் கண்டுகொள்ள மாட்டார்.

எனவே நிறத்திற்கு முன்னர் உருவத்தைக் கவனிப்பதே முறை. நீண்ட கழுத்தும் கூரிய வாலும் ஊசிவால் வாத்தைக் காட்டும். தலையைவிட நீண்டு, நுனியில் கரண்டிபோல் அகன்ற அலகு தட்டைவாயனுக்கு உரியது. பறக்கும்போது சிறகின் பின்பகுதியில் தோன்றும் பட்டையின் நிறம் இனத்திற்கு இனம் மாறும். கருவால் வாத்திற்கு அது வெண்மையான சிறு சதுரமாக விளங்கும். சக்கரவாகத்தின் முன்சிறகில் பெரிய வெள்ளைப் பரப்பு காணப்படும். குடுமி வாத்து நீரில் அடிக்கடி மூழ்கி எழும். கண் பொன்னிறமாக இருக்கும்.

பெண் நீலச்சிறகியையும் பெண் கிளுவையையும் வேறுபடுத்துவதே தொடக்கக்காரர்களுக்குப் பெரிய சோதனை. முன்னதன் முகத்தில் கரிய கோடும் வெளிறிய கோடும் மாறி மாறித் தெளிவாக அமைந்திருக்கும். பின்னதன் முகம் அவ்வளவு கோடுகளின்றி, வாலின் ஓரத்தில் ஒரு வெளிறிய கீற்றுடன் விளங்கும். இவ்விரண்டையும் பிழையின்றிப் பிரிக்கக் கற்றவருக்கே, மூன்றாவதாக ஒரு பறவை வேறுபட்டிருப்பது கண்ணிற்படும்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. கோள் நிலங்களில் அறுவடைக்குப்பின் வளர்ப்பு வாத்துக்களைப் பெரும் மந்தைகளாக மேய்ப்பது வழக்கம். கேரளத்து நாட்டு வாத்துக்களான "சார", "செம்பல்லி" ஆகியவை இவ்வாறு மேய்க்கப்படுகின்றன. இவற்றின் முன்னோர் பச்சைத்தலைக் காட்டுவாத்து ஆகும். ஆகவே மந்தையிலிருந்து பிரிந்த ஓர் ஆண் வாத்து, பச்சைத் தலையுடனும் மேல்நோக்கிச் சுருண்ட வால் இறகுடனும் நின்று, அரிய விருந்தாளியோ என்று எண்ணச் செய்யும். பருத்த உடல், மனிதனைக் கண்டு அஞ்சாமை, நெடுந்தூரம் பறக்க இயலாமை ஆகியவை உண்மையை உணர்த்தும்.

எண்ணும் முறை

ஆயிரக்கணக்கான பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுவது இயலாது. அனுபவம் உள்ளவர் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அப்பத்தும் நீரில் எவ்வளவு இடம் கொள்கின்றன என்பதை மனத்திற் பதிய வைத்துக்கொள்கிறார். பின்னர் அந்த அளவைக் கொண்டு கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்து செல்கிறார். பெருங்கூட்டமாயின் பத்திற்குப் பதிலாக ஐம்பது அல்லது நூறு அளவாகக் கொள்ளப்படும். ஒருவர் எண்ண, மற்றொருவர் எழுதுவது நல்லது. எண்ணுபவர் கண்ணைப் பைனாகுலரிலிருந்து எடுத்தால் எண்ணிய இடம் தவறிவிடும்.

பாதி எண்ணியிருக்கும்போது சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வருவது உண்டு. உடனே கூட்டம் முழுவதும் எழுந்து சுழன்று, வேறு ஒழுங்கில் மீண்டும் அமரும். அப்போது எண்ணிய பாதியை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதனால் ஒரு நன்மையும் உண்டு. சிறகுகள் விரிந்து பட்டைகள் தெரியும் அந்தச் சில வினாடிகளில்தான், உறங்கிக்கொண்டிருந்தபோது ஒரே மாதிரியாகத் தோன்றிய கூட்டத்தில் வேற்றுப் பறவை இருப்பது வெளிப்படும். ஆனால் இதற்காகப் பறவைகளை வேண்டுமென்றே கலைப்பது தகாது. நெடும்பயணத்திற்கு அவை சேமிக்கும் கொழுப்பு, வீணாக எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் குறைகின்றது.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: நாள், வந்த நேரம், சென்ற நேரம், படவின் பெயர், நீரின் நிலை, ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கை. இனம் தெரியாதவற்றை "இனம் தெரியாத வாத்து" என்றே எழுத வேண்டும். ஊகித்து ஒரு பெயரிடுதல் கூடாது. வாத்து ஒன்றும் இல்லாவிடின் "இல்லை" என்று எழுத வேண்டும். பலர் இந்த "இல்லை"யை எழுதாமல் விட்டுவிடுகின்றனர். எதுவும் கிடைக்காத காலை வீணான காலை என்பது அவர்கள் எண்ணம். உண்மையில், ஐம்பது "இல்லை"களுக்கு நடுவே கிடைக்கும் ஓர் "உண்டு"தான் ஒரு பறவையை அபூர்வம் என்று நிரூபிக்கின்றது.

அபூர்வப் பறவையைக் கண்டதாக ஒருவர் கூறினால், அவர் எதைக் கண்டார், எதை ஊகித்தார் என்று பிரித்துக் கேட்பது வழக்கம். எவ்வளவு தொலைவில், எவ்வளவு நேரம், எந்த வெளிச்சத்தில், எந்த அடையாளங்கள் தெரிந்தன? புகைப்படம் உண்டா? இக்கேள்விகள் அவரை அவமதிப்பதற்காக அல்ல. அந்நாளில் பறவையைச் சுட்டு வீழ்த்தி, அதன் தோலையே சான்றாகக் காட்டினர். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் வேட்டை தடை செய்யப்பட்டது. இப்போது பறவை உயிருடன் பறந்து சென்றுவிடுகின்றது. பார்த்தவரின் குறிப்பும் படமுமே சான்றாக எஞ்சுகின்றன. ஆகவே குறிப்பின் நேர்மையே பதிவின் மதிப்பு.

ஒருவர் ஒரு நாளில் எல்லாப் படவுகளையும் காண இயலாது. வாத்துக்களோ இடம் மாறுபவை. இன்று ஒரு படவில் எண்ணப்பட்டவை நாளை மற்றொன்றில் மறுபடியும் எண்ணப்படலாம். ஆதலால் பல குழுவினர் பல இடங்களில் ஒரே காலை வேளையில் எண்ணுவது இன்றியமையாதது. 1987-ம் ஆண்டு முதல் ஜனவரி மாதந்தோறும் நடைபெற்றுவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இந்த முறையைப் பின்பற்றுவது. கோள் நிலத்து வரம்பில் நிற்பவர் எழுதும் எண்ணும், ஆசியாவின் பிற நாடுகளில் எழுதப்படும் எண்களும் ஒன்றாகச் சேர்ந்து, ஓர் இனம் பெருகுகிறதா குறைகிறதா என்பதை அறிவிக்கின்றன.

எண்ணப்படாமல் மறைந்த வாத்து

இக்கணக்கினால் என்ன பயன் என்று ஐயுறுவோர் ஒரு பறவையின் வரலாற்றை அறிய வேண்டும். கங்கை, பிரம்மபுத்திரா நதிகளின் சமவெளியில், உயர்ந்த புற்கள் அடர்ந்த சதுப்பு நிலங்களில், இளஞ்சிவப்பு நிறத் தலையும் கழுத்தும் உடைய ஒரு வாத்து வாழ்ந்தது. வேட்டைக்காரர்கள் அதை அறிந்திருந்தனர். அவ்வப்போது சந்தைக்கும் வந்தது. அது என்றுமே மிகுதியாக இருந்ததில்லை. ஆயினும் எத்தனை உள்ளன என்று எவரும் எண்ணவில்லை. சதுப்பு நிலங்கள் திருத்தி விளைநிலங்களாக்கப்பட்டன, வேட்டையும் தொடர்ந்தது. 1935-ம் ஆண்டில் பீகாரின் தர்பங்கா வட்டாரத்தில் காணப்பட்டதே இயற்கையில் கடைசியாக உறுதியான பதிவு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இங்கிலாந்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு வளர்க்கப்பட்ட சிலவும் இனம் பெருக்காமலே மாய்ந்தன. அதன் பின்னர் அதைக் கண்டதாக வந்த செய்திகளுள் பல, தொலைவிலிருந்து பார்க்கையில் அதைப் போலத் தோன்றும் வேறு வாத்துக்களைப் பற்றியவை என்று தெரியவந்தது. அது எப்போது குறையத் தொடங்கியது என்று இன்று எவராலும் கூற முடியாது. ஏனெனில் குறைவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்னும் கணக்கு இல்லை.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. செந்நிறத் தலையுடைய மூழ்கு வாத்து ஒன்றிற்கு ஆங்கிலப் பெயரிலேயே "சாதாரண" என்னும் அடைமொழி அமைந்திருக்கின்றது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவலாகக் காணப்படும் இவ்வினத்தின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்துவருவதைக் குளிர்காலக் கணக்கெடுப்புகள் காட்டின. அவற்றின் விளைவாக 2015-ம் ஆண்டில் சர்வதேசச் செம்பட்டியலில் இது அபாயத்திற்குள்ளான இனங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. பறவை இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கும்போதே அபாயம் அறியப்பட்டதால், தடுப்பதற்கு வாய்ப்பு உள்ளது. முதல் வாத்திற்குக் கிடைக்காத அந்த வாய்ப்பை இரண்டாவதற்கு அளித்தது, பனிக்காலைகளில் நின்று சாதாரணப் பறவைகளை எண்ணியவர்களின் உழைப்பே ஆகும்.

நிலமும் உழவரும்

வாத்துக்களின் எதிர்காலம் நீர் தேங்கும் வயல்களைப் பொறுத்தது. 1970-களின் நடுவில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் பயிரிடப்பட்டது. இன்று அது சுமார் இரண்டு லட்சம் ஹெக்டேர் அளவே. வீட்டுமனைகளாகவும் தோப்புகளாகவும் மாறிய வயல் மீண்டும் நீர்நிலை ஆவதில்லை. எஞ்சியுள்ள நீரிலும் ஆகாயத்தாமரையும் "ஆப்பிரிக்கப் பாயல்" என்னும் மிதவைச் செடியும் படர்ந்தால், வாத்துக்கு இறங்க இடமில்லை.

வேம்பநாடு - கோள் நிலப்பகுதி 2002-ம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் மண்ணிட்டு நிரப்புவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கேரள அரசு 2008-ம் ஆண்டில் இயற்றியது. இத்தகைய ஏற்பாடுகளுக்கு அடிப்படையாக அமைவனவற்றுள் பறவைக் கணக்கும் ஒன்று.

உழவரின் குறையையும் இங்கே கூறுவது நியாயம். விதைத்த வயலில் இரவில் இறங்கும் வாத்துக் கூட்டம் விதையைத் தின்றும் மிதித்தும் சேதம் செய்வது உண்டு. நீலத்தாழைக்கோழி இளம் பயிரைக் கடித்துத் துண்டாக்கும். பட்டாசு வெடித்து அவற்றை விரட்டுபவரைப் பறவைகளின் விரோதி என்று கருதுவது தவறு. அவர் வரம்பைப் பழுதுபார்த்து, நீரைத் தேக்கி, இறைத்து, ஆண்டுதோறும் நெல் விளைவிப்பதனால்தான் அந்த நிலம் நிலமாகவே இருந்துவருகிறது. சாகுபடி கைவிடப்பட்டால் அடுத்து வருவது பெரும்பாலும் மண் நிரப்பும் லாரியே. அறுவடைக்குப்பின் சிந்திய நெல்லும் களை விதைகளும் வாத்துக்களுக்கு உணவாகின்றன. அவற்றின் எச்சம் வயலுக்கு உரமாகின்றது. படவின் நீரை எப்போது இறைப்பது என்பதில் உழவரும் கணக்கெடுப்போரும் கலந்து பேசினால், விதைக்கும் வயலுக்கு அருகே ஒரு படவில் சில வாரங்கள் நீர் நிற்க வழி செய்யலாம். இரு தரப்பினருக்கும் அது நன்மை தரும்.

முடிவாக, கல்பாத்தியிலோ, பாலக்காட்டு ஏரிக்கரைகளிலோ, தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்துக் கண்மாய் ஓரத்திலோ வாழும் எவரும் இப்பணியில் ஈடுபடலாம். ஒரு பைனாகுலர், ஒரு குறிப்பேடு, அதிகாலையில் எழும் பழக்கம் ஆகியவை போதும். ஒரே நீர்நிலையை ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதே முறையில் கவனித்து, காண்பதையும் காணாததையும் எழுதி வருதல் வேண்டும். அவ்வாறு செய்பவருக்கு ஒரு காலை நேரத்தில், நூற்றுக்கணக்கான நீலச்சிறகிகளுக்கிடையே, வெண்சதுரம் தெரியும் சிறகுடன் ஒரு கருவால் வாத்து எழுந்து பறக்கக் கூடும். அது எழாவிட்டாலும், நீலச்சிறகிகள் இவ்வாண்டும் வந்தன, இத்தனை வந்தன என்னும் பதிவு அவர் கையில் இருக்கும். பின்னாளில் இந்த நீர்நிலையைப் பற்றி முடிவு செய்ய வருவோர் முதலில் கேட்பது அந்தப் பதிவையே.